தேதியை நிறத்தால் காட்டும் பதிவேடு

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்குமாக நடைபெற்ற பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு காரியத்தை மறவாதிருக்க நம் வீட்டுப் பெண்கள் முந்தானையில் முடிச்சுப் போட்டுக் கொள்வார்கள். கடை வைத்திருப்பவர் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் சிவப்புப் பென்சிலால் வட்டமிடுவார். கணக்குப்பிள்ளை பேரேட்டின் ஓரத்தில் ஒரு புள்ளி வைப்பார். இவை யாவும் நல்ல வழிகளே. ஐந்து தேதிகளுக்கும் பத்துத் தேதிகளுக்கும் இவை போதும். ஆனால் ஒரு பஞ்சாயத்தில் முந்நூறு பசுக்கள் இருக்கின்றன. ஆண்டு முழுவதும் கன்றுகள் பிறந்த வண்ணமாக இருக்கின்றன. ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு தேதி தொடங்குகிறது, மற்றொரு தேதி முடிகிறது என்றால், எத்தனை முந்தானையில் எத்தனை முடிச்சுப் போடுவது?

கணினியில் விரிதாள் என்னும் பேரேட்டைத் திறந்து பெயர்களையும் தேதிகளையும் எழுதி வைக்கும் வழக்கம் இப்பொழுது கிராமங்களுக்கும் வந்துவிட்டது. எழுதி வைப்பதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தாளே தினந்தோறும் தேதியைப் பார்த்து, நாள் நெருங்கிய வரியை மஞ்சளாகவும், நாள் கடந்த வரியைச் சிவப்பாகவும் தானே மாற்றிக் காட்டும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை. எக்ஸெல்லில் இந்த வசதிக்குக் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் என்று பெயர். நிபந்தனைப்படி நிறமிடுதல் என்று நாம் சொல்லிக் கொள்ளலாம். 1979-ஆம் ஆண்டில் தனிநபர் கணினிக்கான முதல் விரிதாளான விசிகால்க் விற்பனைக்கு வந்தபொழுது இது கிடையாது. எக்ஸெல்லின் 1997-ஆம் ஆண்டுப் பதிப்பில் இது வந்தது. அப்பொழுதும் ஓரிடத்துக்கு மூன்று நிபந்தனைகளுக்கு மேல் வைக்க இயலாது. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த வரம்பு நீங்கியது. கட்டணமின்றிக் கிடைக்கும் லிப்ரே ஆஃபீஸிலும், கூகுள் ஷீட்ஸிலும் இதே வசதி உண்டு. ஆகவே பணம் கொடுத்து எதையும் வாங்க வேண்டும் என்று எண்ண வேண்டாம்.

கன்றுகளையே எடுத்துக் கொள்வோம். கருச்சிதைவு நோய் என்று நாம் சொல்லும் புரூசெல்லோசிஸ் நோயைக் கால்நடை வளர்ப்போர் அறிவார்கள். சினையின் பிற்பகுதியில் பசு கன்றை வீசிவிடும். ஒரு பசுவோடு அது நிற்பதில்லை. தொழுவத்தில் உள்ள மற்றப் பசுக்களுக்கும் பரவும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்தவருக்கும், காய்ச்சாத பாலைக் குடித்தவருக்கும் விட்டு விட்டு வரும் காய்ச்சலாக வந்து சேரும். இதற்குத் தடுப்பூசி உண்டு. கிடேரிக் கன்றுக்கு, வாழ்நாளில் ஒரே முறை, நான்கு மாதம் முடிந்து எட்டு மாதம் நிறைவதற்குள் போட வேண்டும். 2019-இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் கோமாரி நோயுடன் இதுவும் சேர்க்கப்பட்டது. காளைக் கன்றுக்கு இதைப் போடுவதில்லை. இது உயிருள்ள கிருமியைக் கொண்டு செய்த மருந்து. கால்நடை மருத்துவத் துறையினரே போட வேண்டும். போடுகிறவர் கையில் ஊசி குத்திவிட்டால் அவருக்கே தீங்கு நேரலாம்.

இங்கே பாருங்கள்: கன்றுக்கு நான்கு மாதம் ஆகவில்லையானால் ஊசி இல்லை, எட்டு மாதம் கடந்துவிட்டாலும் இல்லை. இடையில் உள்ள நான்கு மாதங்கள்தாம் நமக்குக் கிடைத்த காலம். கன்று பிறந்த தேதியை எழுதி வைக்காத வீட்டில், "ஆடி மாதக் கடைசியில் பிறந்தது, இல்லை, ஆவணி பிறந்தபின்" என்று பேசிக் கொண்டிருக்கும்பொழுதே அந்தக் காலம் போய்விடும்.

தாளை இப்படி அமையுங்கள். முதல் வரியில் தலைப்புக்கள். ஏ என்னும் முதற் பத்தியில் காதுவில்லை எண். பி பத்தியில் உரிமையாளர் பெயர். சி பத்தியில் கிடேரிக் கன்று பிறந்த தேதி. டி பத்தியில் நான்கு மாதம் முடியும் தேதி. ஈ பத்தியில் எட்டு மாதம் முடியும் தேதி. எஃப் பத்தியில் ஊசி போட்ட தேதி. டி, ஈ இரண்டையும் நீங்கள் கணக்கிட வேண்டியதில்லை. ஈடேட் என்ற ஒரு சூத்திரம் இருக்கிறது. அது ஒரு தேதியோடு இத்தனை மாதம் என்று கூட்டித் தரும். டி பத்தியின் இரண்டாம் வரியில் =ஈடேட்(சி2,4) என்றும், ஈ பத்தியில் =ஈடேட்(சி2,8) என்றும் எழுதிக் கீழே வரை இழுத்துவிட்டால் போதும். இவற்றைத் தட்டச்சுச் செய்யும்பொழுது ஆங்கில எழுத்துக்களையே இட வேண்டும். நான் ஒலிப்பைத் தமிழில் சொல்கிறேன். 2025 ஜனவரி 10 அன்று ஒரு கன்று பிறந்தது என்று கொண்டால், டி பத்தியில் மே 10-ம், ஈ பத்தியில் செப்டம்பர் 10-ம் வந்து நிற்கும். அக்டோபர் 31-இல் பிறந்த கன்றுக்கு நான்கு மாதம் கூட்டினால் பிப்ரவரியில் 31 ஏது என்று சிலர் கேட்கக்கூடும். ஈடேட் அதையும் அறியும். பிப்ரவரியின் கடைசித் தேதியைத் தரும்.

இதைச் செய்தவுடன் சிலருக்குத் திகைப்பு உண்டாகும். தேதி வர வேண்டிய இடத்தில் 45787 என்பது போன்ற ஓர் எண் வந்து நிற்கும். பயப்பட வேண்டாம். அதுதான் தேதி. கணினி தேதியைத் தேதியாக வைத்துக் கொள்வதில்லை. 1900-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதியை 1 என்று வைத்து, அன்றுமுதல் நாட்களை வரிசையாக எண்ணிக் கொண்டு வருகிறது. நாம் சுதந்திரம் அடைந்த 1947 ஆகஸ்டு 15 அதற்கு 17394. குடியரசான 1950 ஜனவரி 26 அதற்கு 18289. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் இடைப்பட்ட நாட்கள் 895 என்று உடனே கிடைக்கும். அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் எண் மறைந்து தேதி தெரியும். (1900-ஆம் ஆண்டில் பிப்ரவரி 29 இல்லை; எக்ஸெல் மட்டும் இருந்ததாகக் கணக்கு வைத்திருக்கிறது. பழைய லோட்டஸ் விரிதாளோடு ஒத்துப் போவதற்காகத் தெரிந்தே ஏற்றுக்கொண்ட பிழை அது. நம் கன்றுகளுக்கு அதனால் ஒரு தொல்லையும் இல்லை.)

தேதி ஓர் எண் என்ற இந்த ஒரு செய்தியை நன்றாக மனத்தில் வாங்கிக் கொண்டால் மற்ற யாவும் எளிது. முந்திய தேதி சிறிய எண். பிந்திய தேதி பெரிய எண். டுடே() என்று எழுதினால் இன்றைய தேதியின் எண் கிடைக்கும். நாளைக்கு அது தானே ஒன்று கூடும். ஆகவே "இன்று என்ற எண், தொடங்கும் எண்ணுக்குக் குறையாமலும் முடியும் எண்ணுக்கு மிகாமலும் இருக்கிறதா?" என்று கேட்பதே நம் நிபந்தனை.

இனி நிறமிடும் முறை. இரண்டாம் வரியிலிருந்து கடைசி வரி வரையில், ஏ முதல் எஃப் வரையுள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். ஹோம் என்ற தலைப்பின் கீழ்க் கண்டிஷனல் ஃபார்மேட்டிங் இருக்கும். அதில் நியூ ரூல் என்பதை அழுத்துங்கள். வரும் பட்டியலின் கடைசியில் சூத்திரத்தைக் கொண்டு தீர்மானிக்கும் வகை இருக்கும். அதைத் தெரிந்து கொண்டு, கீழுள்ள இடத்தில் இவ்வாறு எழுதுங்கள்:

=ஆண்ட்($சி2<>"",$எஃப்2="",டுடே()>=$டி2,டுடே()<=$ஈ2)

பிறந்த தேதி எழுதப்பட்டிருக்கிறது, ஊசி போட்ட தேதி எழுதப்படவில்லை, இன்று நான்கு மாதத்துக்கு முன் அல்ல, எட்டு மாதத்துக்குப் பின்னும் அல்ல. இந்த நான்கும் ஒருங்கே பொருந்தினால் என்பது இதன் பொருள். நிறம் மஞ்சள் என்று தெரிவு செய்யுங்கள். பின் இதைப் போலவே இன்னொரு விதி; அதில் டுடே()>=$ஈ2-30 என்பதையும் சேர்த்துக் கொண்டு ஆரஞ்சு நிறம் கொடுங்கள். கெடு முடிய ஒரு மாதமே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். மேற்சொன்ன ஜனவரிக் கன்றின் வரி மே 10 அன்று மஞ்சளாகி, ஆகஸ்டு 11 அன்று ஆரஞ்சாக மாறும். ஆகஸ்டு 15 கிராம சபையன்று தாளைத் திறந்து பார்த்தால் இன்னும் 26 நாட்கள் இருக்கும். ஆரஞ்சு விதி மஞ்சள் விதிக்கு மேலே இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வரிக்குப் பொருந்தும்பொழுது மேலுள்ள விதியின் நிறமே தெரியும்.

எட்டு மாதம் கடந்தும் ஊசி போடாத கன்றின் வரிக்கு என்ன நிறம்? எல்லாரும் சிவப்பு என்பார்கள். நான் சாம்பல் நிறம் கொடுப்பேன். சிவப்பைக் கண்டவுடன் "இன்றைக்கே போட்டுவிடு" என்று ஓடத் தோன்றும். காலம் கடந்த கன்றுக்கு நாமாகப் போடச் சொல்லக் கூடாது. கால்நடை மருத்துவரிடம் தெரிவிப்பது ஒன்றே நாம் செய்யத்தக்கது. நிறம் செய்ய வேண்டிய செயலைச் சொல்ல வேண்டும். வெறுமனே அச்சுறுத்துவதற்கு நிறம் வேண்டாம்.

சூத்திரத்தில் பத்தியின் எழுத்துக்கு முன் டாலர் குறி ஏன் என்று கேட்பீர்கள். அந்தக் குறி பத்தியைக் கட்டிப் போடுகிறது. அது இல்லாவிட்டால், ஏ கட்டத்துக்குச் சரியாகப் பார்க்கும் கணினி, பி கட்டத்துக்கு வந்தவுடன் ஒரு பத்தி தள்ளிப் பார்க்கும். வரி முழுவதும் ஒரே நிறமாக வராமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திட்டுத்திட்டாகத் தெரியும். எண்ணுக்கு முன் டாலர் வைக்கக் கூடாது. வரி இறங்க இறங்க எண்ணும் இறங்க வேண்டும். தேர்ந்தெடுத்தது இரண்டாம் வரியிலிருந்து என்றால் சூத்திரமும் 2 என்றே தொடங்க வேண்டும். தலைப்பு வரியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்துவிட்டு 2 என்று எழுதினீர்களானால், ஒவ்வொரு நிறமும் ஒரு வரி மேலே ஏறி அமரும். உங்கள் கன்றுக்குக் கெடு நெருங்கினால் மேல்வரிக்காரர் கன்று ஆரஞ்சாகும்! ஆகவே விதி எழுதி முடித்தவுடன் மூன்று வரிகளையாவது விரல் வைத்து நாமே கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும்.

காதுவில்லை எண்ணைப் பற்றியும் ஒரு சொல். அது 12 இலக்கம் கொண்டது. எண்ணாக எழுதினால் எக்ஸெல் அதைச் சுருக்கி, இடையில் ஓர் ஆங்கில எழுத்தும் கூட்டல் குறியும் சேர்த்துக் காட்டும். எனவே அந்தப் பத்தியை முதலிலேயே எழுத்து வடிவம் என்று அமைத்துவிட வேண்டும். காதுவில்லை எண் எழுத்தாக இருக்க வேண்டும். தேதி எண்ணாக இருக்க வேண்டும். நம் ஊர்களில் பெரும்பாலும் இது தலைகீழாகவே நடக்கிறது.

தலைகீழாக நடந்தால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவத்தில் கண்டேன். அதை மறைப்பதில் பயனில்லை. தமிழ்நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பயிர்க்கடனைக் கெடு தேதிக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி இல்லை என்பதை அறிவீர்கள். ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். எங்கள் ஊரில் சில உழவர்கள் சேர்ந்து தங்கள் கெடு தேதிகளை ஒரே தாளில் வைத்துக் கொண்டார்கள். அதை எழுதும் பொறுப்பை நான் ஏற்றேன். 30 நாட்களுக்குள் வரும் கெடு மஞ்சள், கடந்த கெடு சிவப்பு என்று விதி வைத்தேன். எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. ஒருவருடைய வரி மட்டும் வெள்ளையாகவே இருந்தது. "அண்ணே, என் பேருக்கு நிறம் வரல்லியே?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். "வராதவரைக்கும் நல்லதுதான் தம்பி, நாள் இருக்கிறது" என்று நானும் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை அவர் கேட்கவில்லை. சங்கத்திலிருந்து வட்டியோடு கணக்கு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். மற்றவர்கள் தேதியை நான் சாய்கோடு இட்டு எழுதியிருந்தேன். அவர் தேதியை மட்டும் நாம் காகிதத்தில் எழுதும் வழக்கப்படி இடையில் புள்ளி வைத்து எழுதிவிட்டேன். என் கணினியில் இருந்த அமைப்புக்குப் புள்ளி வைத்த தேதி தேதியன்று, வெறும் எழுத்து. எழுத்தையும் எண்ணையும் ஒப்பிடச் சொன்னால் எக்ஸெல் எழுத்தே பெரியது என்று எப்பொழுதும் தீர்ப்புச் சொல்லும். ஆகவே அவருடைய கெடு இன்றைக்கும் முந்தியதாகாது. முப்பது நாளுக்குள்ளும் அடங்காது. என்றென்றைக்கும் எதிர்காலத்திலேயே நிற்கும். பிழையான வரி சிவந்து காட்டியிருந்தால் பிழைத்திருப்போம். அது பாதுகாப்பான வரி போல வெள்ளையாக இருந்தது. வட்டியை நான் கொடுக்கிறேன் என்று சொன்னபொழுது அவர் வாங்கிக் கொள்ளவில்லை. ஆனால் அதன்பின் அந்தத் தாளை நம்பாமல் சுவர் நாட்காட்டியிலும் வட்டமிடத் தொடங்கினார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

அன்றுமுதல் எந்தத் தாளிலும் நான் முதலில் வைக்கும் விதி வேறு. தேதி இருக்க வேண்டிய கட்டத்தில் எண் அல்லாத ஒன்று இருந்தால் ஊதா நிறம் என்பதே அது. ஈ பத்தியில் தேதி என்றால் =ஆண்ட்($ஈ2<>"",நாட்(இஸ்நம்பர்($ஈ2))) என்று எழுத வேண்டும். ஊதா வரி ஒன்றுகூட இல்லை என்று கண்ட பிறகே மற்ற நிறங்களை நம்ப வேண்டும். வேறோர் எளிய சோதனையும் உண்டு. உண்மையான தேதி கட்டத்தின் வலப்புறம் ஒட்டி நிற்கும். எழுத்தாகிவிட்ட தேதி இடப்புறம் ஒட்டி நிற்கும். அழகுக்காகப் பத்தியை நடுவில் சீர்செய்துவிடாதீர்கள். அந்தச் சோதனை போய்விடும். டேட்டா வேலிடேஷன் என்ற வசதியைக் கொண்டு, தேதியல்லாததை அந்தக் கட்டம் ஏற்கவே கூடாது என்றும் கட்டளையிடலாம்.

காலியான கட்டத்தையும் மறவாதீர்கள். காலியைக் கணினி பூச்சியமாகக் கொள்ளும். பூச்சியம் எந்தத் தேதிக்கும் முந்தியது. எனவே "இன்றைக்கு முந்தியது சிவப்பு" என்று மட்டும் எழுதினால் இன்னும் நிரப்பாத வரிகள் யாவும் சிவந்து கிடக்கும். கன்றுத் தாளின் சூத்திரத்தில் சி பத்தி காலியில்லை என்ற நிபந்தனையை முதலில் வைத்ததன் காரணம் இதுவே.

இதைவிடத் தந்திரமான பிழை ஒன்று இருக்கிறது. சில கணினிகள் அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முன்னும் நாளைப் பின்னும் வைத்துக் கொள்ளும். அதில் 05/08/2025 என்று நாம் ஆகஸ்டு ஐந்தைக் கருதி எழுதினால், அது மே எட்டு என்று எடுத்துக் கொள்ளும். எண்ணாகவே இருப்பதால் ஊதா விதியிலும் அகப்படாது. இதற்கு மருந்து, தேதியின் வடிவத்தை மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியும்படி அமைப்பதே. எழுதியவுடன் மே என்று வந்தால் கை நின்றுவிடும். கணினியின் வட்டார அமைப்பை இந்தியா என்று ஒருமுறை மாற்றிவிட்டால் தொல்லையே இல்லை.

சூத்திரம் எழுதச் சங்கடப்படுகிறவர்களுக்கு ஆயத்தமான விதிகளும் எக்ஸெல்லில் இருக்கின்றன. நேற்று, இன்று, நாளை, கடந்த ஏழு நாட்கள், இவ்வாரம், அடுத்த மாதம் என்று பத்து வகை அங்கே உண்டு. அவற்றைப் பயன்படுத்தலாம், ஆனால் பொருள் தெரிந்து பயன்படுத்த வேண்டும். இம்மாதம் என்றால் நாட்காட்டி மாதம். முப்பது நாட்கள் அன்று. ஜனவரி 31 அன்று தாளைத் திறந்தால் நாளை மறுநாள் முடியும் கெடு இம்மாதத்தில் அடங்காது. கெடு பார்க்கும் வேலைக்கு நான் அவற்றை விரும்புவதில்லை.

பிறப்புப் பதிவுக்கும் இம்முறை பொருந்தும். குழந்தை பிறந்த 21 நாட்களுக்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவித்தால் கட்டணமில்லை. 30 நாட்களுக்குள் என்றால் தாமதக் கட்டணம். ஓராண்டுக்குள் என்றால் அதிகாரியின் எழுத்துமூலமான அனுமதி. அதற்கும் மேலாகிவிட்டால் நடுவரின் உத்தரவு. மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தெரிவித்துவிடுகிறார்கள். வீட்டில் நிகழும் பிறப்பும் இறப்புமே தவறிப் போகின்றன. வார்டு உறுப்பினர் தம் வார்டில் நிகழ்ந்தவற்றைத் தேதியோடு எழுதி, 15 நாள் ஆனவுடன் ஆரஞ்சாகும்படி வைத்துக் கொண்டால், ஆறு நாட்கள் கையில் இருக்கும்பொழுதே அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம். பசுவின் சினைக்காலம் சுமார் 280 நாட்கள். சினை ஊசி போட்ட தேதியோடு 220-ஐக் கூட்டினால் பால் வற்றச் செய்ய வேண்டிய நாள் கிடைக்கும். அதற்கும் ஒரு பத்தி வைக்கலாம்.

ஊசி போட்ட நாளை எஃப் பத்தியில் எழுதும்பொழுது டுடே() என்று எழுதிவிடாதீர்கள். நாளைக்கு அது நாளைத் தேதியாகிவிடும். கண்ட்ரோல் விசையை அழுத்திக் கொண்டு அரைப்புள்ளி விசையைத் தட்டினால் அன்றைய தேதி நிலையாகப் பதிவாகும். கணினியின் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். நெடுநாள் அணைந்து கிடந்த பழைய கணினி சில சமயம் பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். அன்று தாளில் ஒரு நிறமும் இராது. தாளின் தலைப்பில் ஒரு கட்டத்தில் டுடே() எழுதி வைத்தால், திறந்தவுடன் முதலில் அதைப் பார்க்கலாம்.

அச்சிட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாக இருந்தால் நிறம் உதவாது. நம் அச்சுப் பொறிகள் பெரும்பாலும் கறுப்பு மையே இடும். சிவப்பையும் பச்சையையும் வேறுபடுத்திக் காண இயலாத கண்ணுடையோரும் நம்மிடையே உண்டு. ஆதலால் ஜி பத்தியில் "இம்மாதம் போடவும்", "மருத்துவரிடம் சொல்லவும்" என்று சொல்லாகவும் வரும்படி செய்வது நல்லது. இஃப் என்ற சூத்திரம் அதைச் செய்யும். அதைப் பலகையில் எழுதிக் காட்டுகிறேன்.

அடுத்த அறையில் இரண்டு கணினிகள் திறந்து வைக்கப்பட்டிருக்கின்றன. கன்று பிறந்த தேதிகளை நோட்டில் எழுதிக் கொண்டு வந்திருக்கும் சகோதரிகள் நால்வர் முன் வரிசையில் அமர்ந்திருப்பதைக் காண்கிறேன். அவர்களுடைய நோட்டிலிருந்தே தொடங்குவோம்.